சார்செல் பேத்தியும் முத்தியால்பேட்டைத் தாத்தாவும்

கேள்வி: எனக்கு வயது 69. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மனைவியோடு வசிக்கிறேன். என் அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது படைவீரராக, வியட்நாமின் சைகோனில் இருந்தவர். அதனால் எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. ஆனால் நான் படித்ததெல்லாம் தமிழும் ஆங்கிலமும்தான். பிரெஞ்சை எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், அவ்வளவே. மகளும் மருமகனும் 16 ஆண்டுகளாகப் பாரிசுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறார்கள். பேத்திக்கு 14 வயது. இந்தக் கோடை விடுமுறையில் வந்திருந்தார்கள். முதல் வாரம் ஓரளவு தமிழ் பேசியவள், என் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அங்கே என் தம்பியைப் பார்த்து, “சின்னத் தாத்தா, நீ எப்ப வந்தே? உக்காரு” என்றாள்; எல்லாரும் சிரித்தோம், அன்பாகத்தான். அதன்பின் பாட்டி என்ன கேட்டாலும் பிரெஞ்சில்தான் பதில். சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுகிறாள். (என் அப்பாவும் லீவில் வந்தபோது முள்கரண்டி கேட்டாராம், பாட்டி மூன்று நாள் அவரோடு பேசவில்லை என்று அம்மா சொல்லுவாள்.) பள்ளிக்குப் போகும்போது லிஃப்டிலேயே பொட்டை அழித்துவிடுகிறாள் என்று மகள் அழுகிறாள். வீட்டிலும் பிரெஞ்சு பேசினால்தான் படிப்பு ஏறும் என்கிறார் மருமகன். டொராண்டோவில் இருக்கும் என் மைத்துனர் பேரனோ திருக்குறள் ஒப்பிக்கிறான். பேத்தியை இங்கே வரவழைத்து லிசே என்னும் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்து, இரண்டு ஆண்டு எங்களோடு வைத்துக்கொண்டால் சரியாகிவிடுமா? இன்னும் ஒரு தலைமுறை போனால், அப்பா விட்டுச்சென்ற டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூட எங்கள் வீட்டில் ஆள் இருக்காது. அதில் இருப்பவை படை நண்பர்கள் அவருக்கு எழுதிய பிரெஞ்சுக் கடிதங்கள். எனக்கே முழுதாகப் புரியவில்லை.

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

கேட்ட கேள்விக்கு முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். தமிழுக்காகப் பேத்தியை இங்கே கொண்டுவந்து பள்ளியில் சேர்க்க வேண்டாம். நீங்கள் குறிப்பிடும் லிசே 1826 முதல் நம் ஊரில் நடந்துவரும் பள்ளி. பிரான்சின் பாடத்திட்டத்தையே பின்பற்றுவதால் அவளுடைய படிப்பு வீணாகாது என்பது உண்மைதான். ஆனால் அங்கே பாடம் நடப்பது பிரெஞ்சில். தமிழ் பேசவில்லை என்பதற்காக ஒரு பெண்ணை ஏறத்தாழ எட்டாயிரம் கிலோமீட்டர் நகர்த்தி மறுபடியும் பிரெஞ்சு வகுப்பில் உட்கார வைப்பதில் பயன் குறைவு. அதைவிட முக்கியமான காரணம் வேறு. 14 வயதில் தாய், தந்தை, தோழிகள் ஆகிய மூவரிடமிருந்தும் ஒரே நாளில் பிரிக்கப்படும் பிள்ளை, அந்தப் பிரிவை எந்தப் பெயரில் செய்தாலும், தண்டனை என்றுதான் எடுத்துக்கொள்ளும். அப்போது தண்டனையின் பெயர் தமிழ் என்று ஆகிவிடும். அவளாகவே, “தாத்தா, நான் ஒரு வருஷம் அங்கே இருக்கட்டுமா?” என்று கேட்டால் அது வேறு விஷயம்; அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல்முறை படித்தபோது கரண்டியும் பொட்டும் கண்ணில் பட்டன. இரண்டாம் முறை என்னை நிறுத்தியது காதுகுத்து. அந்த நாளுக்கு முன்பு வரை அவள் தமிழ் பேசியிருக்கிறாள். அதற்குப் பிறகு பேசவில்லை. ஆகவே தமிழ் சார்செலில் தொலையவில்லை, ஐயா. முத்தியால்பேட்டைக்கு வந்துசேரும் வரை அவள் நாக்கில் இருந்திருக்கிறது. தொலைந்தது உங்கள் தம்பி வீட்டு முற்றத்தில்.

அவள் சொன்ன அந்த வாக்கியத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். “நீ எப்ப வந்தே? உக்காரு” என்பதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை; குறைவது மரியாதை விகுதி மட்டுமே. அது ஏன் அவளிடம் இல்லை என்று யோசித்தால் அந்த அடுக்குமாடி வீடே தெரிகிறது. அங்கே அவள் காதில் விழும் தமிழில் பெரும்பகுதி அம்மா அவளிடம் பேசும் தமிழ்: நீ, வா, சாப்பிடு, தூங்கு. வாசலில் வந்து நிற்கும் பெரியவரை, “வாங்க மாமா, உட்காருங்க” என்று யாரேனும் அழைப்பதைக் கேட்டால்தானே ஒரு குழந்தைக்கு ‘வாங்க’ என்ற சொல் வரும்? இதில் இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சிலும் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இருக்கிறது. ஆனால் இன்றைய பிரெஞ்சு வீடுகளில் தாத்தா பாட்டியைப் பிள்ளைகள் பெரும்பாலும் ‘நீ’ என்றே அழைக்கிறார்கள். அங்கே அது நெருக்கத்தின் சொல். நாமும் அம்மாவையும் ஆண்டவனையும் அப்படித்தானே அழைக்கிறோம்? அவள் தன் சின்னத் தாத்தாவிடம் காட்டியது உரிமை. திரும்பக் கிடைத்தது ஒரு கூடம் நிறைந்த சிரிப்பு. அன்பான சிரிப்புதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவளிடம் தமிழ் இல்லை.

குடும்ப மொழியை அரைகுறையாகப் பேசும் இளையோர், உறவினரின் கேலிக்கு அஞ்சி அம்மொழியையே விட்டு ஒதுங்கிவிடுவதை ‘மொழிக் கூச்சம்’ என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1998இல் எழுதினார். அந்நியர் ஒருவர் நம் மொழியைத் தப்பாகப் பேசினால் மெச்சுகிறோம். நம் பிள்ளை தப்பாகப் பேசினால் சிரிக்கிறோம். அந்நியர் மேலும் பேசுகிறார், நம் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. புதுச்சேரிக் கடற்கரையில் ‘வணக்கம்’ சொல்லும் வெள்ளைக்காரருக்குக் கிடைக்கும் பாராட்டில் கால்பங்கு அன்று உங்கள் பேத்திக்குக் கிடைத்திருந்தால் இந்தக் கடிதத்தையே நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். (பெரிய மார்க்கெட்டில் ‘வாயப்பளம்’ என்று கூவி விற்பவரை நாம் திருத்துவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளலாம்.)

இப்போது நீங்கள் கவலைப்படும் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பண்பாடுகள் நேருக்கு நேராக, தொடர்ந்து பழகும்போது ஏற்படும் மாற்றத்தைப் பண்பாட்டேற்பு என்கிறோம். 1936இல் ரெட்ஃபீல்ட், லிண்டன், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்னும் மூன்று மானுடவியலாளர்கள் இதற்கு வகுத்த வரையறையிலேயே, மாற்றம் ஒரு தரப்பிலோ இரு தரப்பிலுமோ நிகழலாம் என்ற குறிப்பு உண்டு. இதற்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை; வில்லியனூர்த் தேரை வடம் பிடித்து இழுக்க வந்த பிரெஞ்சு ஆளுநர்களின் வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர் வழியாக நம் கண்முன் தொடர்கிறது. அந்த வடத்தைத் தொட்டதால் ஆளுநர்கள் யாரும் பிரெஞ்சுக்காரர் அல்லாமல் ஆகிவிடவில்லை.

பெரும்பாலான பெற்றோர் இதை ஒரு தராசாக நினைக்கிறார்கள்; பிரெஞ்சுத் தட்டு தாழ்ந்தால் தமிழ்த் தட்டு உயரும் என்பது அவர்கள் கணக்கு. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் பெர்ரி அந்தக் கணக்கைத்தான் மாற்றினார். கேள்வி ஒன்றல்ல, இரண்டு என்றார் அவர். சொந்தப் பண்பாட்டைக் காப்பது முக்கியமா என்பது ஒன்று. மற்றவரோடு கலந்து பழகுவது முக்கியமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ‘ஆம்’ என்பவர் இணைந்து வாழ்கிறார். முதலாவதை விட்டு இரண்டாவதை மட்டும் பற்றுபவர் கரைந்துபோகிறார். முதலாவதை மட்டும் பற்றுபவர் ஒதுங்கி வாழ்கிறார். இரண்டும் கைநழுவியவர் எங்கும் ஒட்டாமல் நிற்கிறார். பெர்ரியும் அவருடைய சகாக்களும் பிரான்ஸ் உட்பட 13 நாடுகளில், 13 முதல் 18 வயது வரையுள்ள குடியேற்றக் குடும்பங்களின் பிள்ளைகள் 5,000 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட நூலில், இணைந்து வாழும் பிள்ளைகளே எண்ணிக்கையில் மிகுதி என்றும், மன நலத்திலும் பள்ளி வாழ்விலும் நன்றாக இருப்பவர்கள் அவர்களே என்றும் கண்டார்கள். ஒதுக்கப்படுகிறோம் என்ற உணர்வு பிள்ளைகளை மிகவும் பாதிக்கிறது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. அந்த ஒதுக்கல் வெளியாரிடமிருந்து வருவதைத்தான் நூல் பேசுகிறது. உறவினர் கூடத்திலும் அது நடக்கும் என்பது என் ஆலோசனை அறை எனக்குக் கற்றுத் தந்தது.

ஆகவே உங்கள் பேத்தியிடம் பிரெஞ்சைக் குறைக்க முயல வேண்டாம். அதைக் குறைத்தால் தமிழ் கூடிவிடாது.

பொட்டு விஷயம். பிரான்சில் அரசையும் சமயத்தையும் பிரித்த சட்டம் 1905இல் வந்தது. அரசுப் பள்ளிகளில் சமய அடையாளங்களை வெளிப்படையாக அணிவதைத் தடுத்த சட்டம் 2004இல் வந்தது. அதை விளக்கிய சுற்றறிக்கை முக்காடு, யூதர் தொப்பி, மிகப் பெரிய சிலுவை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது; பொட்டு அதில் இல்லை. ஆனால் உங்கள் பேத்தி சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு லிஃப்டில் பொட்டை அழிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. “அது என்ன?” என்று நாளுக்கு நாலு பேர் கேட்பதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கும். வீட்டைவிட்டு இறங்கும்போது வைத்துக்கொண்டுதான் இறங்குகிறாள், அம்மாவின் மனம் கோணாமல். பள்ளிக்குள் நுழையும்போது அழித்துக்கொள்கிறாள், தன் மனம் கோணாமல். இரண்டு வாசல்களுக்கும் இடையில் உள்ள லிஃப்டில் இந்தப் பிள்ளை நாள்தோறும் ஒரு சமாதான உடன்படிக்கை செய்துகொண்டிருக்கிறாள். அதை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். மகளிடம், பொட்டைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

டொராண்டோ பையனோடு ஒப்பிடுவதையும் நிறுத்திவிடுங்கள். மாநகரங்கள் எல்லாம் ஒன்றல்ல. கனடா பன்மைப் பண்பாட்டை அரசின் கொள்கையாக 1971இல் அறிவித்து, 1988இல் சட்டமாக்கிய நாடு. டொராண்டோ பெருநகர்ப் பகுதியில் 2021 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 46 பேருக்கு மேல் குடியேறியவர்கள். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து பெருந்திரளாகப் போய்ச் சேர்ந்த மக்களால் ஸ்கார்பரோ பகுதியில் தமிழ் கடைத்தெருவின் மொழியாகவே இருக்கிறது. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக 2016இல் கனடிய நாடாளுமன்றமே ஏற்றது. அங்கே குறள் சொல்லும் பிள்ளைக்குக் கைதட்ட ஒரு மண்டபமே இருக்கிறது. பிரான்ஸ் வேறு வழியில் நடக்கும் நாடு. குடிமகன் என்றால் குடிமகன்தான், அவனுக்கு முன்னால் இன்ன இனம் என்ற அடைமொழி கூடாது என்பது அந்நாட்டின் கோட்பாடு. கணக்கெடுப்பில்கூட இனம் கேட்பதில்லை. இரண்டில் எது மேல் என்ற வாதம் எனக்கு வேண்டாம். பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகே லா ஷப்பல் கடைத்தெருவில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன. அங்குள்ள பிள்ளையார் கோவில் தேர் ஆண்டுதோறும் கோடை முடியும் நேரத்தில் தெருவில் வருகிறது. ஆனால் அது ஒரு தெரு, ஒரு நாள். சார்செல் வகுப்பறையில் மற்ற நாட்களில் அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தனியாக என்று எழுதிவிட்டேன். அதுவும் முழு உண்மையல்ல. சார்செல் என்பது 1950களின் நடுவிலிருந்து எழுப்பப்பட்ட அடுக்குமாடி நகரம். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூதர்கள், துருக்கியிலிருந்து வந்த கல்தேயக் கிறித்தவர்கள், கரீபியத் தீவினர், ஆப்பிரிக்கர், நம் புதுச்சேரிக்காரர் எனப் பலரும் அங்கே ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். கல்தேயர் அங்கே எழுப்பியிருக்கும் பெரிய கோவில் நம் பரங்கிமலைத் தோமையார் பெயரில்தான் இருக்கிறது என்பதைப் பேத்தியிடம் சொல்லிப் பாருங்கள், வியப்பாள். இலண்டனை வைத்து ஸ்டீவன் வெர்டோவெக் என்னும் ஆய்வாளர் 2007இல் ‘மிகுபன்மை’ என்று ஒரு சொல்லை முன்வைத்தார். நாடு, மொழி, சமயம், வந்த காலம், வந்த வழி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இத்தகைய நகரங்களில், ‘அவர்களோடு கரைந்துவிட்டாள்’ என்று சொல்வதற்கு ஒரே ஒரு ‘அவர்கள்’ கிடையாது. உங்கள் பேத்தி வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசும் தோழிகளுக்கு நடுவில் வளர்கிறாள். அந்தத் தோழிகள் தத்தம் பாட்டிமாரோடு எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று அவளைக் கேளுங்கள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி நீங்கள் கேட்கும் முதல் கேள்வியாக அது இருக்கக்கூடும்.

உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் நீங்கள் வைத்த செய்திதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. பிரெஞ்சு அரசின் 1881 ஆணையின்படி தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்களிலிருந்து எத்தனையோ பேர் இந்தோசீனாவுக்குப் படைவீரராகவும் எழுத்தராகவும் போனார்கள். 1962 ஆகஸ்டில் புதுச்சேரியை இந்தியாவோடு இணைக்கும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். உங்கள் அப்பாவும் அப்படி ஒரு தாளில் கையெழுத்திட்டவராகத்தான் இருக்க வேண்டும். சைகோனிலிருந்து வந்து முள்கரண்டி கேட்ட அந்த மனிதர், அதற்காகத் தமிழர் அல்லாமல் போனாரா? மூன்று நாள் பேசாமல் இருந்த உங்கள் பாட்டி நான்காம் நாள் என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. சோறு போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

மருமகனிடம் நீங்கள் வாதாட வேண்டாம். ஆனால் அவருடைய அச்சத்துக்கு விடை உண்டு. இரண்டு மொழி குழந்தையின் மூளையைக் குழப்பும் என்று அந்தக் காலத்து ஆசிரியர்கள் நம்பினார்கள். 1962இல் மான்ட்ரியாலில் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்த பீல், லாம்பர்ட் இருவரும், இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை, பல தேர்வுகளில் முந்துகிறார்கள் என்று கண்டபின் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இன்னொரு பக்கம், பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதியில் ஏறத்தாழ 1,900 குடும்பங்களை வைத்து அன்னிக் தெ ஹவ்வர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெற்றோர் இருவருமே வீட்டுக்குள் பள்ளிமொழியையும் பேசத் தொடங்கும்போதுதான் தாய்மொழி பிள்ளையின் வாயைவிட்டு நழுவும் வாய்ப்பு கூடுகிறது. அதற்காக, இன்று முதல் வீட்டில் தமிழ் மட்டும் என்று 14 வயதுப் பெண்ணிடம் சட்டம் போட்டால் சாப்பாட்டு மேசையில் மௌனம்தான் மிஞ்சும். பெற்றோர் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்ளட்டும். அவள் எந்த மொழியில் வேண்டுமானாலும் பதில் சொல்லட்டும். பேசுவது நின்றாலும் கேட்பது நிற்கக் கூடாது. கேட்கும் காது இருந்தால் பேச்சு என்றைக்காவது திரும்பும்.

ஒரு தொழில்முறை எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியவற்றில் பாதி, பதினான்கு வயதின் இயல்பு. முத்தியால்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த பதினான்கு வயதும் பாட்டிக்கு ஒற்றைச் சொல்லில்தான் பதில் சொல்லும். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் தூக்கம் கெடுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, தோழிகளையும் விட்டு விலகுவது, பள்ளிக்குப் போக மறுப்பது ஆகியவை சில வாரங்கள் நீடித்தால் அது பண்பாட்டுப் பிரச்சினை என்று காத்திருக்கக் கூடாது. பாரிசுக்கு அருகே பொபினியில் உள்ள அவிசென் மருத்துவமனையில் 1979இல் தொபி நத்தான் தொடங்கிய மரபில், குடியேறிய குடும்பங்களை அவர்களுடைய மொழியோடும் வழக்கங்களோடும் சேர்த்துப் பார்க்கும் ஆலோசனைப் பிரிவு உண்டு. தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரும் உடன் அமர்வார். குடும்ப மருத்துவர் வழியாக மகள் அதை விசாரிக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியதாக நான் நினைப்பவை இரண்டு. முதலாவது எளிதல்ல. காதுகுத்து அன்று சிரித்ததற்காக அவளிடம் வருத்தம் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் சொன்னால் போதும். தம்பி குடும்பத்தை வரிசையில் நிறுத்த வேண்டாம். “நீ அன்று சொன்னதில் தப்பில்லை, எங்களுக்குத்தான் புரியவில்லை” என்று நிறுத்தி, மெதுவாக, தமிழிலேயே சொல்லுங்கள். அதோடு, என்னை மட்டும் எப்போதும் ‘நீ’ என்றே கூப்பிடு என்று அனுமதியும் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, அந்த டிரங்குப் பெட்டி. அதைக் கேட்க ஆள் இருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்தில் அந்தக் கடிதங்களைத் தடையின்றிப் படிக்கக்கூடியவர்களில் ஒருத்தி, நீங்கள் யாருக்காகக் கவலைப்படுகிறீர்களோ அவள்தான். வாரத்துக்கு ஒரு கடிதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். அவள் பிரெஞ்சில் படித்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். சொல் தெரியாத இடத்தில் திணறுவாள். அங்கே நீங்கள் எடுத்துக் கொடுக்கலாம், ஏனென்றால் அப்போது தெரியாமல் தவிப்பவர் நீங்களும்தான். முன்னால் வந்து பாட்டுப் பாடச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இங்கே அவளுடைய பிரெஞ்சு இல்லாமல் உங்களுக்கு வேலை நடக்காது. கையெழுத்து புரியாத இடங்களை விட்டுவிடுங்கள், போர்க்களச் செய்தி கடுமையாக இருக்கும் கடிதங்களை முன்கூட்டியே மகளிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

புதன்கிழமை பிற்பகல் பிரான்சில் பெரும்பாலான பள்ளிகளில் அவள் வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்காது. அங்கே 3 மணி என்றால் இப்போது நமக்கு மாலை 6:30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவிடுவார்கள், அதன்பின் 7:30. பாட்டி தொடர் பார்க்கும் நேரமாக இருந்தால் வேறு அறையில் உட்கார்ந்து பேசுங்கள்.